ஓடுதளம் எட்டும் முன்

"ஆமா சார், இன்ஜின் நின்னு விமானம் விழுந்ததுக்கு நான்தான் காரணம். ஏதோ ஒரு குழாயைச் சரியா முடுக்காம விட்டுட்டேன்" என்றான் மெக்கானிக். விசாரணை அதிகாரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டான்.

ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியில், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த அவன் அண்ணி தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் மேல் வீசினாள். பதினைந்து நாளைக்கு முன்புவரை "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான்.

"பாவி! கூடப்பிறந்தவனையே கொன்னுட்டியேடா! எங்க பழைய விமானத்தை ரிப்பேர்னு நிறுத்தி வெச்சுக்கிட்டு, வேற ஒண்ணை எங்க தலையில கட்டினியே! பத்து வருஷமா அவர் ஓட்டறப்போ பக்கத்து சீட்டுல உக்காந்து, கூடமாட ஒத்தாசை பண்ணியிருக்கேன். ஒரு நாளாவது இன்ஜின் நின்னிருக்கா? ஓடுதளம் கண்ணுக்குத் தெரியுது... இதோ வந்துட்டோம்னு சிரிச்சாருடா..."

நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். மெக்கானிக் சட்டையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்குய்யா காது குத்தறே? இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. இறங்கறப்போ வேகத்தைக் குறைச்சா, உள்ளே பனி கட்டாம இருக்க ஒரு பிடியை இழுக்கணும். பழைய விமானத்துல அது வலது ஓரத்துல இருக்கு. இதுல அதே இடத்துல இருக்கறது பெட்ரோலை நிறுத்துற பிடி. பழக்கதோஷத்துல அதை இழுத்தாச்சு. இழுத்தது இழுத்தபடியே கிடந்துச்சு."

மெக்கானிக்கின் கண் முதல் முறையாகக் கலங்கியது. "அதை மட்டும் எழுதாதீங்க சார். என் வேலை போகட்டும். ஜெயிலுக்கே போனாலும் பரவாயில்ல."

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல தம்பி, ஆனால் பைத்தியக்காரத் தம்பி என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணன் தப்புப் பண்ணிட்டார்னு நாலு பேர் பேசக் கூடாது, அதானே? போய்ச் சேர்ந்தவர் பேரைக் காப்பாத்த, இருக்கற நீ எதுக்குய்யா பழி சுமக்கறே?"

மெக்கானிக் சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இறங்கறப்போ அந்தப் பிடியை எப்பவும் இழுக்கறது அண்ணிதான் சார்."