பேர் எழுதாத வான்

"வானைக் கொண்டுபோய் மற்றத் தெருவில விடுங்கோ. அவையள் வந்து போகுமட்டும் அது என்ர கண்ணில படக்கூடாது" என்றாள் துசியந்தி.

றூபன் வானை விட்டுவிட்டு நடந்து வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினான். இன்னொருக்கால் கழுவச் சொன்னாள். கழுவினான்.

கவுன்சில் பார்க்கிங் ஒபிசில் காருக்குத் தண்டம் எழுதும் நிரந்தர வேலையைப் போன வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் இந்தக் குரல்தான். வேறொரு ஒபிசுக்குப் போயிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். அவனோ சொந்தமாக வான் வாங்கி, வீடு வீடாகப் போய் எலி பிடிக்கிறான். ஞாயிறு பூசைக்குப் போகும் இடத்தில் யார் கேட்டாலும் "அவர் இப்ப பிசினஸ்" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருமுன் துசியந்தி நகர்ந்துவிடுவாள்.

மகள் ஜெஸ்ரினுக்கு முன்பு வந்த சம்பந்தம் "தகப்பன் என்ன செய்யிறார்?" என்ற கேள்வியோடு நின்றுபோனது. இன்று பக்கத்து எட்மண்டனிலிருந்து வருகிற பையனின் படத்தைப் பார்த்து ஜெஸ்ரின் சிரித்திருந்தாள். இதுவும் முறிந்தால் இந்த மனுசனோடு ஒரே வீட்டில் இருப்பதில்லை என்று துசியந்தி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வந்தார்கள். தாய் றோஸ்மலர் முன்னால், தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை பின்னால். கடைசியாக வந்த பையன் ஜெனோசன், வாசலில் றூபனைக் கண்டதும் கால் எடுத்து வைக்காமல் நின்றுவிட்டான்.

"வாங்கோ தம்பி. நான் ஜெஸ்ரின்ர அப்பா" என்று றூபன் கை நீட்டினான். பையன் பட்டும் படாமலும் அந்தக் கையைத் தொட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து கார்ப்பெட்டைப் பார்க்கத் தொடங்கினான். இவனுக்கும் ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம் என்று துசியந்தி நினைத்தாள்.

றோஸ்மலர் கொண்டுவந்த கேக் பெட்டியை மேசையில் வைத்தாள். கடைக் கேக். "வீட்டில செய்துதான் கொண்டு வந்திருப்பன். குசினியில வேலை நடக்குது, அடுப்பு மூட்டேலாது. அதாலதான் உங்களையும் அங்க கூப்பிடேல்லை. இவன் ஒரு வெள்ளைக்காரனைப் பிடிச்சு விட்டிருக்கிறான். நான் வேலையால வாறதுக்கிடையில வந்து முடிச்சுப்போட்டுப் போயிடுவான். ஒரு தூசு கிடவாது. எங்கட ஆக்களெண்டால் இந்த ஒழுங்கு வருமே?"

அதன் பிறகு விசாரணை. கவுன்சில் வேலையை ஏன் விட்டது, பென்சனுக்கு என்ன வழி, வருத்தத்தில் படுத்தால் சம்பளம் யார் தருவது என்று செபஸ்தியாம்பிள்ளை பொலிஸ்காரன் மாதிரிக் கேட்டார். அங்கே இருந்த காலமெல்லாம் சனத்திடம் ஏச்சுத்தான் வாங்கினேன், இப்போது நான் எப்போது வருவேன் என்று சனம் வாசலில் நின்று பார்க்கிறது என்றான் றூபன்.

"சனம் பாக்குதோ, எலி பாக்குதோ?" என்றாள் றோஸ்மலர்.

றோஸ்மலர் துசியந்தியின் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? பூசைக்கு வாற ஆக்கள் எல்லாம் சொன்னவை. வானில பேர்கூட எழுதேல்லையாம். ஊரில ஆளைக் கடத்திற பேரில்லாத வெள்ளை வான் வந்தால் நாங்கள் கதவைப் பூட்டினாங்கள். இஞ்ச செய்யிற தொழிலை எழுத வெக்கப்பட்டு ஒரு மனுசன் அதிலயே திரியிறார்."

"பேர் எழுதினால் ஒருத்தரும் கூப்பிடாயினம்" என்றான் றூபன். "அயலுக்குத் தெரியக்கூடாது எண்டுதான் எல்லாரும் கேக்கிறவை."

"அப்பிடி எந்த ஊத்தை வீடுகளுக்குப் போறியள்?"

"அதை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

ஜெனோசன் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சரித்துவிட்டான்; கொஞ்சம் மேசையில் சிந்தியது. அவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

றோஸ்மலர் எழும்பினாள். மேசையில் வைத்த கேக் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். "எலி பிடிக்கிற கையைப் பிடிச்சுச் சம்பந்தி எண்டு சொல்ல என்னால ஏலாது. வா ஜெனோசன்."

படிக்கட்டில் நின்ற ஜெஸ்ரின் அப்படியே திரும்பி மேலே ஏறினாள். துசியந்திக்கு வந்தவர்கள் முன்னால் என்ற கூச்சமும் போய்விட்டது.

"நல்ல வேலையை உதறிப்போட்டு வந்து பிள்ளையின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டியள். இப்பவாவது வாயைத் திறந்து ஏதும் சொல்லுங்கோவன்."

றூபன் பையன் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் தேத்தண்ணி சிந்தியிருந்த இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

செபஸ்தியாம்பிள்ளை சப்பாத்துப் போடக் குனிந்தார். றோஸ்மலர் கதவடிக்குப் போய்விட்டாள். ஜெனோசன் எழுந்து அவள் பின்னால் போனான். அவள் கையிலிருந்த கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து, பழையபடி மேசையில் வைத்தான்.

"அம்மா, எங்கட குசினிக்கு வந்த வெள்ளைக்காரன் இந்த மாமாதான்."