முழுக்குக்கு முதல் நாள்

“பாத்தீங்களா பாஸ்டர், நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு ஆத்துல முங்கப்போற ஆளோட மூஞ்சிய?”

சலோமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வாசலைக் காட்டினாள்.

வாசலில் இராமையா நின்றான். இடது கன்னம் பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே வந்திருந்தான். கையில் சாக்கில் சுற்றிய கத்தி.

பூனாகலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முன்பெல்லாம் இராமையா குடிக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவன் எட்டு மாதமாக ஒரு சொட்டுத் தொடாமல் ஜெபவீட்டில் முதல் பாயில் உட்காருகிறான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். சலோமிக்கு மட்டும் தூக்கம் குறைந்துபோனது. அவள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள். தொட்டிலிலேயே ஞானஸ்நானம் வாங்கியவள். நேற்றுக் கசிப்புப் போத்தலைக் கீழே வைத்தவன் தனக்கு முன்னால் உட்காருவதா?

“எங்கடா வாங்கின இந்த அடிய?”

“கோவில்லக்கா.”

“கேட்டுக்கங்க பாஸ்டர். மூணு நாளா மாரியம்மன் கோவில் வாசல்ல நிக்கிறான். என் கண்ணால பாத்தேன். இங்க ஒரு லொத்தர் சீட்டு, அங்க ஒரு லொத்தர் சீட்டு. எது விழுந்தாலும் இவனுக்கு லாபம்.”

“சகோதரி சொல்றது சரி” என்றார் பாஸ்டர். சலோமி சொல்வது தப்பு என்று அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஜெபவீட்டுக் கூரைத் தகரத்தில் பாதி அவள் வாங்கிக் கொடுத்தது.

“சாமி கும்பிடப் போகலக்கா. குடிக்கிற காலத்துல அங்க ஒன்னத் திருடினேன். அத ஒத்துக்கத்தான் போனேன். ரெண்டு நாள் வாசலோட திரும்பிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் எனக்கு வாய் வந்துச்சு. கோவில் தலைவருக்குக் கை வந்துச்சு.”

“ஒத்துக்கிட்டா ஆச்சா? வேதத்துல சகேயு என்ன செஞ்சான்? நாலத்தனையாத் திருப்பிக் கொடுத்தான். நீ நாலு கொடுக்க வேணாம். எடுத்த ஒன்னக் கொடு. கொடுக்காம தண்ணியில இறங்கினா அது ஞானஸ்நானம் இல்ல, குளியல்.”

“சகோதரி சொல்றது சரி.”

“என்கிட்ட இல்லக்கா. பதுளையில பழைய பித்தளை வாங்குற கடையில வித்துக் குடிச்சுட்டேன்.”

“அங்கருந்து வாங்கினவங்ககிட்டப் போய்க் கேளு. திருட்டுச் சாமான வச்சுக்கிட்டு அவங்களுக்கு மட்டும் எப்படித் தூக்கம் வரும்?”

இராமையா தலையைத் தூக்கி மேலே பார்த்தான். பாஸ்டரும் பார்த்தார்.

வாசல் விட்டத்தில், வெள்ளிப் பெயின்ட் பூசிய மணி தொங்கியது. அதில் சிவப்பு எழுத்து: ‘அமரர் சாமுவேல் ஞாபகார்த்தமாக மனைவி சலோமி.’

“இதுவா?” என்றார் பாஸ்டர்.

“விளிம்புல சில்லுப் போயிருக்கு பாருங்க. தூக்கிட்டு ஓடயில தேயிலைக்கு நடுவுல தண்ணிக் கானுக்குள்ள விழுந்தேன். ஞாயித்துக்கிழமை இது அடிச்சா கோவில் பூசாரிக்குக் கை தன்னால கற்பூரத்தத் தேடுதாம்.”

சலோமி மணிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“பழைய பாவத்தையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்து ஆழத்துல போட்டுட்டாரு. நீ ஏன்டா முங்கி முங்கி எடுக்குற?”

“சகோதரி சொல்றதும்...” பாஸ்டர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

“நான் மணியக் கேக்க வரலக்கா. நாளைக்கு எனக்கு முழுக்கு வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். மணி யார்கிட்ட இருக்குன்னு தலைவர் கேட்டாரு. சொல்லல. ரெண்டாவது அறை விழுந்தது அதுக்குத்தான். சொன்னா சாமுவேல் அண்ணன் பேருதான் ஆளெல்லாம் கூடுற பெரட்டுக்களத்துல நாறும். மணியத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்ல. கொடுக்காம இறங்கினா, நீங்க சொன்னதுதான், குளியல்.”

அவன் படியிறங்கினான்.

“நில்லு.”

நின்றான்.

“அந்தக் கத்தியக் கொடு.”

பாஸ்டர் ஒரு அடி பின்னால் போனார்.

சலோமி பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். மணியைக் கொக்கியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். சிவப்பு எழுத்துப் பக்கத்தை அவள் தொடவில்லை. மணியைத் திருப்பி, விளிம்பிலிருந்து நாலு விரல் மேலே கத்தியை வைத்துச் சுரண்டினாள். பெயின்ட் உரிந்தது. ‘மு’ வந்தது. பிறகு ‘த்து’. அப்புறம் ‘முத்துமாரியம்மன் கோவில் உபயம்’ முழுசாக வந்துவிட்டது.

பாஸ்டர் குனிந்து பார்த்தார்.

“எழுத்து அந்த இடத்துலதான் இருக்குன்னு சகோதரிக்கு எப்படி...”

“வாங்கின அன்னிக்கே படிச்சேன் பாஸ்டர். அவர் செத்து வருசம் முடிய மூணு நாள்தான் இருந்துச்சு. மணியும் மலிவா வந்துச்சு. ஒரு கோட்டுப் பெயின்ட்டுல எழுத்து மறையல. ரெண்டு கோட்டு அடிச்சேன்.”



சலோமி எழுந்து மணியை இராமையாவின் கையில் வைத்தாள். “வா, ரெண்டு பேருமாக் கொண்டுபோவோம். தலைவர்கிட்ட நான் பேசுறேன். மூணாவது அறை எனக்கு வரவேண்டியது.”

“அப்ப நாளைக்கு முழுக்குக்கா?”

“நீ முங்கு.” முந்தானையில் பெயின்ட் தூளைத் தட்டிவிட்டாள். “பாஸ்டர், வெள்ளைச் சீலை ஒன்னு கூடுதலா எடுத்து வைங்க. எனக்குத்தான். தொட்டில்ல தெளிச்ச தண்ணி நெத்தியோட காஞ்சுபோச்சு. உள்ள இறங்கவே இல்ல.”

“சகோதரி சொல்றது சரி” என்று சொல்லி முடித்த பிறகுதான் பாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.