மார்ச் முடியட்டும்

"புகாரா? இப்பமா? ஒனக்கு நேரங்காலம் தெரியாதா ஷீஜா?"

போலீஸ் ஸ்டேஷன் படியில் கால் வைக்கும் முன்பே ஷீஜாவை மறித்துவிட்டார் சிவபிரசாத். புதுத்துறை வியாபாரிகள் சங்கச் செயலாளர். கடற்கரைச் சாலையில் லாட்ஜ் வைத்திருப்பவர்.

"எனக்க ஐஸ் பெட்டி களவு போயிருக்கு அண்ணாச்சி. நேத்து பஸ் ஸ்டாப்புல வெச்சிட்டு, பிள்ளைக்க ஸ்கூல்ல மீட்டிங்குன்னு அரை மணிக்கூறு போனேன். வந்து பாத்தா காணல்ல. உள்ள ரெண்டு கிலோ சாளை மீனு வேற."

"பழைய பெட்டிதானே?"

"பழசுதான். மூடிக்க கீலு போயி, நீல வலைநூலு வெச்சு நானே கெட்டியிருந்தேன். ஆனா அதுல போட்டா மீனு சாயங்காலம் வரை கண்ணு முழிச்சுக் கெடக்கும்."

சிவபிரசாத் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பாரு. மாவட்டத்துலயே குற்றமில்லாத கடற்கரை ஊருன்னு ஷீல்டு குடுக்கப் போறாவ. நேத்துதான் கமிட்டிக்காரங்க வந்து ஊரைச் சுத்திப் பாத்துட்டு, சுத்தம், ஒழுங்குன்னு புகழ்ந்துட்டுப் போனாவ. மார்ச் முப்பத்தொண்ணு வரை ஸ்டேஷன்ல ஒரு களவுப் புகாரும் ஏறப்பிடாது. ஷீல்டு வந்தா டூரிஸ்ட் வருவான். டூரிஸ்ட் வந்தா ஒனக்க மீனும் விக்கும். ஊருக்காவப் பொறுக்க மாட்டியா? மார்ச் முடியட்டும்."

ஊருக்காக என்று ஒருவர் கேட்டால் எப்படி முடியாது என்பது? ஷீஜா திரும்பி நடந்தாள்.

அவள் மட்டுமா? அந்த மாதம் புதுத்துறையில் களவு என்ற சொல்லே ஒழிந்தது. தோப்பிலிருந்த தண்ணீர் மோட்டார் 'இடம் மாறியது'. ஒர்க்‌ஷாப் வினோஜின் பைக்கை யாரோ 'ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனார்கள்'. எல்லோரிடமும் சிவபிரசாத் கையெடுத்துக் கும்பிட்டார். மார்ச் முடியட்டும்.

ஷீஜா அலுமினியச் சருவத்தில் மீன் விற்றாள். பத்து மணிக்கே ஐஸ் தண்ணீராகிவிடும். பன்னிரண்டுக்கு மீனும் தண்ணீராகப் பார்க்கும்.

நேசபாய் டீச்சர் ஒரு மீனின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "என்ன பிள்ளே, இப்பிடிக் கொழஞ்சு கெடக்கு?"

"மார்ச் முடியட்டும் டீச்சர்."

"மார்ச் முடிஞ்சா மீனு எந்திச்சிருமா?" டீச்சர் போய்விட்டார். மறுநாளும் வரவில்லை. விற்காத மீனெல்லாம் பூனைகளுக்குப் போயிற்று. அந்த மார்ச்சில் ஊரில் தடித்தது அவை மட்டும்தான்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஷீல்டு வந்தேவிட்டது. சமூக நலக் கூடத்தில் விழா. நாற்காலிகள் காலியாகக் கிடக்கக்கூடாது என்று ரோட்டோர வியாபாரிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஷீஜா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

டி.எஸ்.பி. அம்மா ஷீல்டைக் கொடுத்தார். கைதட்டல். எல்லோருக்கும் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் வந்தது. டி.எஸ்.பி. அம்மா ஒரு மிடறு குடித்தார். முகம் லேசாகச் சுளித்தது.

"சர்பத் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ மீன் வாடை வருதே?"

"கடக்காத்து மேடம்," என்றார் சிவபிரசாத், சட்டென்று.

ஷீஜா தன் டம்ளரை முகர்ந்தாள். யாரிடம் சொல்கிறார் கடற்காற்றென்று? இது சாளை.

மேடைப் பக்கம் பார்த்தாள். சர்பத் கலக்குகிறவர் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியின் மூடியில் நீல வலைநூல்.

ஷீஜா எழுந்தாள். அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைச் சிவபிரசாத் பார்த்துவிட்டார். கையிலிருந்த ஷீல்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அது எனக்க பெட்டி."

கூட்டமே திரும்பியது.

"நான்தான் சங்கத்துக்கு இரவல் குடுத்தேன். சரியாட்டு கழுவாமக் குடுத்துட்டேன். மன்னிக்கணும்."

டி.எஸ்.பி. அம்மா சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. சிவபிரசாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விழா முடிந்ததும் யாரையும் தொட விடாமல் அவரே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்க மீன் தண்ணீர் சொட்டியது.

"கமிட்டி வந்த அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல மீன் பெட்டி கெடந்தா அசிங்கமா இருக்கும்னு நான்தான் சங்க ரூம்ல தூக்கி வெச்சேன் மக்கா. சாயங்காலம் தரலாம்னு மறந்துட்டேன். மறுநாளு நீ களவுன்னு ஸ்டேஷன் வாசல்ல நிக்கே. ஷீல்டு போயிருமேன்னு வாயத் திறக்கல்ல. இன்னிக்கு ஐஸ் வெக்க எவனோ இதையே எடுத்துட்டான்."

"சரி. உள்ள இருந்த சாளை?"

சிவபிரசாத் தரையைப் பார்த்தார். "கெட்டுப் போயிருமேன்னு... வீட்டுல பொரிச்சோம்."

"நல்லா இருந்துதா?"

"நல்ல ருசி."

ஷீஜா முன்னால் நடந்தாள்.

"கூட்டத்துல வெச்சு நீ எனக்க மானத்தைக் காப்பாத்திட்டே," என்றார், மூச்சு வாங்க.

"ஊருக்க மானம் அண்ணாச்சி. ஊருக்காவப் பொறுக்கணும்னு நீங்கதானே படிப்பிச்சிய?"

முச்சந்தி வந்தது. இடப்பக்கம் ஷீஜாவின் வீடு. அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, ஒனக்க வீடு இந்தப் பக்கமில்லா?"

"ஸ்டேஷன் அந்தப் பக்கம் அண்ணாச்சி. பெட்டியோட வாங்க. மார்ச்தான் முடிஞ்சாச்சே!"