எந்த ஆஸ்பத்திரி முதலில்?

வென்டிலேட்டருக்குள் எந்த வேலை எந்தக் கணத்தில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கர்னல் புரோகிராமை, ஒரு வருடமாகப் பிரித்துப் போட்டுச் சீரமைத்தவள் அவள். துருவித் துருவிப் பார்ப்பதால் ஆபீசில் அவளுக்குப் பெயர் 'சல்லடை'.

"டெஸ்ட் எல்லாம் பாஸ். நாளையிலேர்ந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியா புது கர்னலை ஏத்திடலாம்மா," என்றார் மேலாளர்.

"முதல்ல எந்த ஆஸ்பத்திரி சார்?"

"காலையிலேர்ந்து இதையே கேக்கறே! துறைமுக ஆஸ்பத்திரி."

"ஆத்தங்கரை ஆஸ்பத்திரி?"

"அது கடைசி. ஏன், அங்க யாரு இருக்கா?"

"அப்பா. நாளன்னைக்கு ஆபரேஷன். வென்டிலேட்டர்லதான் இருப்பாரு."

மேலாளருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் சமைச்சுட்டு, வீட்டுக்குப் பரிமாற மட்டும் பயமா? கவலைப்படாதே. உங்கப்பா எழுந்து உட்கார்ற வரைக்கும் அங்க பழைய கர்னல்தான் ஓடும். போதுமா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, வேண்டாம் சார்! முதல்ல அங்கதான் ஏத்தணும்."

"அடேயப்பா! உன் புதுசு மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"அப்படின்னு இல்ல சார்..." அவள் தயங்கினாள். "பழசை வரிக்கு வரி படிச்சுட்டேன்."