அருளம்பலம்

அகதிகளைத் திருப்பியனுப்பும் சட்டம் பற்றி ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஒரு நிமிடம் பேசக் குலுக்கலில் விழுந்த பெயர்களில் திலகேஸ்வரியின் பெயரும் ஒன்று. அவள் தம்பிக்கும் திருப்பியனுப்பும் கடிதம் வந்துவிட்டது, பாருங்கோ. அதனால்தான் வந்தாள்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது: "அருளம்பலம்!"

அவள் அசையவில்லை. அது அப்பாவின் பெயர். ஜெர்மன்காரருக்குக் குடும்பப் பெயரென்று ஒன்று வேணுமே, அதுவே அவளோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் சண்டை முடிந்து ஆமி அடைத்துவைத்த முகாமில் ஒருநாள் இப்படித்தான் ஒலிபெருக்கி அப்பாவைக் கூப்பிட்டது. "இந்தா வாறன் பிள்ளை" என்று எழும்பிப் போன மனிசன் திரும்பவேயில்லை.

"அருளம்பலம்!"

பக்கத்து இருக்கையில் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பேரின்பம் அண்ணை அவளை முழங்கையால் இடித்தார். "எழும்பன் பிள்ளை. ஐரோப்பாவே உன்ர அப்பரைத் தேடுது!"

"கூப்பிட்டால் எழும்பக்கூடாது அண்ணை."

"என்ன விசர்க்கதை? உன்ர முறை போகப்போகுது."

தம்பியை நினைத்து, மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். பாடமாக்கிய ஜெர்மன் வசனம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அப்பா இன்னும் வரேல்லை," என்றாள், தமிழில்.

கண்ணாடிக் கூண்டுகளுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுவரில் அவளுடைய நிமிடம் குறையத் தொடங்கியிருந்தது.