ராபர்ட்டின் கண்

"மேல் வரியில இருக்கிற பெரிய எழுத்தாவது புலப்படுதா?"

டாக்டர் மூன்றாம் முறையாகக் கேட்டார். டிரைவர் ராபர்ட் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய பலகையை உற்றுப் பார்த்தான்.

"மசமசன்னு இருக்குங்க ஐயா. பொகை மண்டுன மாதிரி."

புது மோட்டார் சட்டம் வந்த சமயம் அது. பஸ் ஓட்டுகிறவன் டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே எட்டு வருஷமாக ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காமல் ஓட்டியவன் ராபர்ட். வண்டியைத் தவிர வேறு பிழைப்பு அவனுக்குத் தெரியாது.

அவனுக்குப் பின்னால் அவன் தகப்பனார், ரிட்டயர்டு ஏட்டு தேவஇரக்கம், கவாத்தில் நிற்பதுபோல நின்றார். பக்கத்தில் வத்திராயிருப்பு மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஞானாபரணம். அவர் மகள் தேவகிருபைக்கும் ராபர்ட்டுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். சேலை எடுக்க ஊருக்கு வந்தவர், மாப்பிள்ளைக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டார்.

மூலையில் இன்னொரு பலகையும் சாய்ந்து கிடந்தது. அதில் எழுத்து இல்லை. நாலு திசைக்கும் திரும்பிய கொக்கிகள்தான். டாக்டர் அதை எடுக்கப் போனபோதே ஏட்டையா தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் கைநாட்டுகளுக்கு வச்சுக்கிடுங்க. இவன் உபதேசியார் பேரன். எட்டாவது பாஸ்."

டாக்டர் இப்போது கிட்டே வந்து விரல்களை நீட்டினார். "இது எத்தனை?"

"மூணுங்க."

"சரியாத்தான் சொல்றான். கிட்டத்துல தெரியுது, தூரத்துல தெரியல." டாக்டர் காகிதத்தை மடக்கி வைத்தார். "ஏட்டையா, மன்னிக்கணும். இந்தக் கண்ணை நம்பி முப்பது பேரை ஏத்தி அனுப்ப நான் கையெழுத்துப் போட முடியாது."

ராபர்ட் சட்டென்று திரும்பினான். "யப்பா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிருதேன்…"

"வாய மூடுலே!" ஏட்டையாவின் மீசை துடித்தது. "எஞ்சின் சூட்டுல போன கண்ணு. போனது போனதுதான். நம்ம குடும்பத்துல குறை இருந்தா இருக்குன்னு ஒத்துக்கிடுவோம். மறைச்சுப் பழக்கமில்ல."

மூவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். ஞானாபரணம் குடையைத் தரையில் ஊன்றி, அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோளாறு, கையில் வேலை இல்லை. பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படி இருப்பார்?

கிழக்கே ரோட்டுக் கோடியில் புழுதி கிளம்பியது. ராபர்ட் தலையை நிமிர்த்தினான்.

"நம்ம ஒம்பதரை வண்டி வருது. முன் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு. கருத்தையா பாக்காம ஓட்டிட்டு வருதான்."

ஞானாபரணம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். புழுதி மட்டும்தான் தெரிந்தது. "எங்க மாப்ள?"

"சத்தத்த வச்சுச் சொல்லுதான்," என்று ஏட்டையா முந்திக்கொண்டார்.

"டயர்ல காத்துக் கம்மின்னு கூடவா சத்தத்துல தெரியும்?"

"எட்டு வருசப் பழக்கம் சம்பந்தி. காதுதான் அவனுக்குக் கண்ணு." சொல்லிக்கொண்டே மகனின் காலைத் தன் செருப்பால் ஓர் அழுத்து அழுத்தினார்.

பஸ் வந்து நின்றது. கருத்தையா குதித்து இறங்கி முன் டயரை உதைத்துப் பார்த்து, "அட, காத்தெறங்கிட்டே!" என்றான்.

ஞானாபரணம் பிரமித்து நின்றார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏட்டையாவின் இரண்டு கைகளையும் பற்றினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. மாப்ளைக்கு மாறுகண்ணு இருந்தாலே மறைச்சுக் கட்டி வைக்கிற காலம் இது. நீங்க என்னையப் பக்கத்துல நிப்பாட்டிக்கிட்டே உண்மைய ஒத்துக்கிட்டிய. இப்படிப்பட்ட குடும்பத்த விட்டுட்டு நான் எங்க போவேன்? கல்யாணம் சொன்ன தேதியில நடக்கும்."

ஏட்டையாவின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. "எங்க குடும்பத்தப் பத்தித் தெரிஞ்சவுகளுக்கு அது தெரியும்," என்றார்.

"வேலையப் பத்தியும் கவலைய விடுங்க. எங்க ஒண்ணாங் கிளாஸ் வாத்தியார் பட்டாளத்துக்குப் போயிட்டாரு. நாப்பது பிள்ளைக சும்மா உக்காந்து கெடக்கு. எட்டாவது பாஸ் தாராளம். மேல எழுதி நான் உத்தரவு வாங்கிருதேன்."

"அவனுக்குத்தான் கண்ணு…" ஏட்டையாவுக்கு முதல் முறையாக நாக்குக் குழறியது.

"மடியில இருக்க சிலேட்டுல எழுதிக் காட்டத் தூரப் பார்வை எதுக்கு? கிட்டத்துலதான் நல்லாத் தெரியுதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே! மாப்ள, வார திங்கக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துல நிக்கணும், ஆமா."

சொல்லிவிட்டு அவர் சேலைக் கடைப் பக்கம் துள்ளலாக நடந்தார். ஏட்டையா கவாத்து நிலையிலேயே நின்றார். நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது.

ராபர்ட் அவர் காதருகே குனிந்தான்.

"யப்பா, திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஆனா ஆவன்னா யாரு சொல்லித் தருவா?"