நறுமுகையின் நகல்

நைரோபியின் அந்தச் சர்வதேசப் பள்ளியிலிருந்து யார் விலகிப் போனாலும், அவர்களுடைய நகல் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். அதே முகம், அதே குரல். மிஞ்சுகிற சிநேகிதர்கள் அழக் கூடாது என்பது பள்ளியின் கொள்கை.

அப்பாவுக்கு ஹனோய்க்கு மாற்றல் வந்ததும் ஒன்பது வயது நறுமுகையின் முறை வந்தது. நகலுக்கு அவளுடைய குணத்தை ஊட்ட, அதைத் தயாரிக்கும் இயந்திரம் கேள்வி கேட்டது.

"உன் டிபனில் உன் சிநேகிதி இங்க்ரிட் கை வைத்தால் என்ன செய்வாய்?"

"கிள்ளிடுவேன்."

"அவள் ஜோக் சொன்னால்?"

"கொட்டாவி விடுவேன்."

பின்னால் நின்ற அம்மா கௌசல்யா அதிர்ந்தாள். "ஏன்டி புளுகுற? அவ இல்லாம நீ சாப்பிடவே மாட்டியே."

"நகல் நல்லவளா இருந்தா இங்க்ரிட் என்னை எதுக்கும்மா தேடப்போறா?"

ஹனோய்க்குப் போன மறுவாரம் நைரோபியிலிருந்து வகுப்பாசிரியை போனில் அழைத்தார். இங்க்ரிட்டைக் கிள்ளிக்கொண்டே இருந்ததால் நகலை நிறுத்திவிட்டார்களாம். நிஜ நறுமுகைதான் வேண்டும் என்று இங்க்ரிட் காலையிலிருந்து ஒரே அழுகையாம்.

"அடிப்பாவி," என்று கௌசல்யா மகளைப் பார்த்தாள்.

புது ஊரில் வாடியே கிடந்த அந்த முகம் சட்டென்று மலர்ந்தது.

"நிஜமாவே அழுதாளாம்மா?" என்று கேட்டுவிட்டு, நறுமுகையும் அழ ஆரம்பித்தாள்.